காவலனுக்கு நீலச் சட்டை

"...அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, இப்ப செத்தது யாரு?" என்று ஏழுமலை அண்ணன் கேட்டார். பதில் எனக்குத் தெரியும். அதைச் சொன்னபிறகு பெண் கொடுப்பாரா என்பதுதான் தெரியவில்லை.

அப்போது கேளம்பாக்கத்தில் ஒரு மாடி அறையில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திவந்தேன். (நடத்தினேன் என்பது பெரிய வார்த்தை. சில பழைய கம்ப்யூட்டர்களும் நானும் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டிருந்தோம்.) டைப்பிங் பழக வந்த அமுதாவுக்கு என்னைப் பிடித்துப்போயிற்று. ஏன் என்று இன்றுவரை அவள் சொன்னதில்லை. அப்பா இல்லாத வீடு. மறைமலைநகரில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்த அண்ணன் ஏழுமலை சரி என்றால்தான் கல்யாணம். "எங்க அண்ணன் வந்தா கதை வுடாத. இன்னா தெரியும்னு காட்டு, போதும்" என்று அமுதா சொல்லிவைத்திருந்தாள்.

காட்ட ஒன்று இருந்தது. பாதாளக் குகையில் இறங்கிப் புதையல் தேடும் பழைய விளையாட்டு. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்து, பிரித்து, மாற்றிக்கொள்ளலாம். அதில் முதலில் படமே கிடையாது. நாய் ஓர் எழுத்து, எலி ஓர் எழுத்து, நாம் ஒரு சுழி. எனக்கு அது அத்துப்படி. ஆனால் மாப்பிள்ளை பார்க்க வருபவரிடம் ஒரு சுழியைக் காட்டி இதுதான் நான் என்று எப்படிச் சொல்வது? எழுத்துகளின் மேல் படங்களைப் போர்த்துகிற புரோகிராம்களைப் பலர் செய்து வைத்திருந்தார்கள். ஒன்றை இறக்கி, படங்களை நானே மாற்ற உட்கார்ந்தேன்.

படங்களெல்லாம் ஒரே பட்டையில் ரயில் பெட்டிபோல வரிசையாக இருக்கும்; எத்தனையாவது பெட்டி என்று எண்ணித்தான் விளையாட்டு ஒவ்வொருவருக்கும் படத்தை எடுக்கும். வீரனை அழித்துவிட்டு அங்கே மீசையோடு என்னை வரைந்தேன். ஊர்க்காவலனுக்கு அண்ணனுடைய முகம், கம்பெனி நீலச் சட்டை, தொப்பை. (குறைத்துத்தான் வரைந்தேன்.) ஆனால் பழைய காவலனை அழிக்காமல், அவனுக்கு முன்னால் புதுக் கட்டம் ஒன்றைச் செருகிவிட்டேன். அவ்வளவுதான், அவனுக்குப் பின்னால் இருந்த எல்லாரும் ஒரு கட்டம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள். இது எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது.

அண்ணன் யூனிபார்மோடு வந்து உட்கார்ந்தார். அமுதா அடுத்த கம்ப்யூட்டரில் டைப் அடிப்பதுபோல் இருந்தாள். திரையில் நீலச் சட்டையைப் பார்த்ததும் அண்ணனுக்கு முகம் மலர்ந்தது. மூலையில் என் மீசை முகமும் தெரிந்தது. இதோ நான், அதோ நீங்கள், வந்து உங்களுக்கு வணக்கம் வைக்கிறேன் பாருங்கள் என்று பொத்தானை அழுத்தினேன்.

நான் நகரவில்லை. எங்கோ நின்ற முக்காடு போட்ட கிழவி ஒருத்தி நகர்ந்தாள். மறுபடி அழுத்தினேன். கிழவி நேராகப் போய் அண்ணன்மேல் முட்டினாள். நிஜமாகவே அடிக்கவா என்று விளையாட்டு கேட்டது. பதற்றத்தில் ஆமாம் என்றேன். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது, திரையில். கிழவியைப் போட்டு வெளுத்தார். இதற்குள் என் மூஞ்சி ஓடிவந்து கிழவியின் காலைக் கடித்தது. பின்னாலேயே இன்னொரு என் மூஞ்சி.

"யோவ், நான் எதுக்குக் கிழவிய அடிக்கிறேன்?" என்றார் நிஜ அண்ணன். நான் தப்பிக்கத் தட்டிய தட்டில் கிழவி சுவரில் மோதி நின்றாள். விளையாட்டு முடிந்தது என்று எழுத்து வந்தது. அப்போதுதான் அந்தக் கேள்வி.

"அந்தக் கிழவிதான் நான், அண்ணா."

"அப்ப உன் மூஞ்சிய வச்சிக்கினு ஓடிக்கினு கீதே, அது?"

"அது எலி, அண்ணா."

"நான்?"

"நீங்க மட்டும் நீங்கதான்."

அடுத்த கம்ப்யூட்டரில் டைப் சத்தம் நின்றது.

இன்றைக்கும் எங்கள் வீட்டுக் காதுகுத்தோ வளைகாப்போ, பந்தியில் மச்சான் ஆரம்பித்துவிடுவார்: "நானே அடிச்சிக் கொன்னுட்டு, அப்பால பொண்ணக் குடுத்தேன்." எலி வருகிற இடத்தில் என் பிள்ளைகள் கூடுதலாக நாலு எலி சேர்த்துவிடுவார்கள். மச்சான் சொல்லாமல் விடும் பகுதி ஒன்று உண்டு.

அன்று அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். எழுந்து போகப்போகிறார் என்று நினைத்தேன். அமுதா பக்கம் திரும்பி, "மாப்ளைக்கு ஒரு டீ சொல்லு" என்றார். பிறகு நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னொரு தபா சாவு. மொதல்லேந்து பாக்கணும்" என்றார்.