அத்தை அறைக் கூரையில் ஒரு காது

புது வீடு பார்க்க வருபவர்கள் தரையைத் தட்டிப் பார்ப்பார்கள், குழாயைத் திறந்து பார்ப்பார்கள். கூரையை மட்டும் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் மைசூர் விஜயநகரில் நாங்கள் கட்டிய வீட்டின் ஜிப்சம் கூரைக்கு பெயிண்டுக்கு முன் மேடுபள்ளம் நிரவும் பட்டியை நானே பூசுகிறேன் என்று குதித்தேன். (இரண்டு வீடியோ பார்த்திருந்தேன். போதாதா?) போர்டு அடித்துக் கொடுத்தவர், "பிளெயினா வேணும்னா கஷ்டம் சார். டிசைன் போட்டா தப்பு தெரியாது" என்றார். வழவழவென்றுதான் வேண்டும் என்று அடம்பிடித்தேன்.

மறந்தது ஒன்றைத்தான். அது, இடுப்பில் ஆபரேஷன் முடிந்து கொள்ளேகாலிலிருந்து வரவிருந்த என் மாமியாரின் அறை. மல்லாந்தே படுத்திருக்கப் போகிறவருக்குக் கூரையைத் தவிர வேறென்ன வேடிக்கை?

வந்த அன்று மாலையே கூப்பிட்டார். "மாப்ளே, மேல யாரோ இருக்காங்க."

ஓடிப்போய் டியூப்லைட்டைப் போட்டேன். வெள்ளை வெளேரென்று ஒன்றுமில்லை.

"சும்னே பயப்படாதம்மா, மாத்திரை மயக்கம்" என்று கன்னடம் கலந்து சொன்னாள் என் மனைவி ஸ்டெல்லா.

மறுநாளும் வெயில் சாயும் நேரத்தில் அதே குரல். அதன்பின் அத்தை ஜெபமாலையைக்கூடச் சத்தமில்லாமல் சொல்ல ஆரம்பித்தார். ஏன் என்று கேட்டோம்.

"அது பாக்கல கண்ணு. காது குடுத்துக் கேக்குது."

மறுபடியும் போய் டியூப்லைட்டைப் போட்டுப் பார்த்தேன்.

கடைசியில், "என்னைய ஊருக்கே கொண்டுபோயி உட்ருங்க" என்று அழுதுவிட்டார். அங்கே கைபிடித்து நடத்த ஆளில்லை. ஸ்டெல்லா இரண்டு பை கட்டினாள். இரண்டாவது பை அவளுடையது.

அத்தை கண்டதை நானே பார்த்துவிடுவது என்று, அன்று வெயில் சாயும் நேரத்தில் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, விளக்கை அணைத்துவிட்டு, அதே கட்டிலில் நான் படுத்தேன். ஜன்னல் வெளிச்சம் கூரையை ஒட்டிச் சாய்ந்தது. வெள்ளைக்குள்ளிருந்து ஒரு கன்னம் மெல்லத் தெரிந்தது. பிறகு மூடிய கண். பிறகு ஒரு காது. "ஸ்டெல்லா!" என்று கத்தினேன்.

வாசலில் நின்ற ஸ்டெல்லா மேலே பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஏங்க, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க."

திரும்பினேன்.

"அய்யோ, இது உங்க காதுங்க!"

அப்போதுதான் நினைவு வந்தது. போர்டுகளின் இணைப்பை மறைக்க ஈரப் பட்டியில் ஒட்டிய டேப் நடுவில் தொங்கியது. இரண்டு கைகளும் இரண்டு முனையைப் பிடித்திருந்ததால் கன்னத்தால் முட்டுக்கொடுத்து நின்றேன். (காயும்வரை. பொறுமைசாலி!) முகம் பதிந்ததைக் கவனிக்காமல் அதன்மேலேயே பெயிண்டும் அடித்தேன்.

உப்புத்தாளோடு ஸ்டூலில் ஏறியவனை அத்தை தடுத்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான். "இருக்கட்டும் மாப்ளே. கீழ இருக்கறவரு நாஞ்சொல்றத எப்பக் கேட்டாரு? இவராச்சும் கேக்கட்டும்."

பைகள் அவிழ்ந்தன. இன்றும் உறவினர்கள் வந்தால், "மேல் மாப்பிள்ளை சௌக்கியமா?" என்றுதான் விசாரிக்கிறார்கள். மாலைதோறும் அத்தை என்மேலுள்ள புகார்களை அவரிடம் நிதானமாகச் சொல்கிறார். நான் மட்டும் அந்த நேரத்தில் அந்த அறைக்குள் போவதில்லை. என் முகம்தான். ஆனாலும், மேலே கண்ணை மூடிக்கொண்டு பிணம் மாதிரி அசையாமல் கிடக்கிறேனே!