பிஸ்கட் தாத்தாவின் தம்பி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம், உன் தம்பி பெண்டாட்டி சுகம், பிஸ்கட் கம்பெனியும் சுகம். இந்தப் பட்டியலில் அப்பாவைச் சேர்க்காமல் விட்டது கைமறதி இல்லை. போனில் சொல்ல வழியில்லை. அப்பாவுக்கு மற்றதெல்லாம் தளர்ந்தாலும் காது மட்டும் பக்கத்து வீட்டுப் பேச்சு வரைக்கும் கேட்கிறது. அதனால் இந்தக் கடிதத்தை ஷெட்டில் மாவு மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான்கு வருடத்துக்கு முன்பு வேலையை விட்டுவிட்டு, சர்க்கரையும் மைதாவும் இல்லாத ஓட்ஸ் பிஸ்கட் விற்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது, "யாருடா அதைத் திம்பான்?" என்று கேட்டாய். நியாயமான கேள்வி. முதல் ஆறு மாதம் நாங்களே தின்றோம். பிறகு ஒருநாள் அப்பா சும்மா இருக்க மாட்டாமல் முப்பது கிலோ ஓட்ஸ் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினார், உன் தம்பி பெண்டாட்டி அதைப் போட்டோ எடுத்தாள், நான் அதைப் பாக்கெட்டில் போட்டு, கீழே ‘வயது எழுபத்தாறு, மாத்திரை பூஜ்யம்’ என்று எழுதினேன். அன்றைக்கு அது சத்தியம், அக்கா. அதற்குப் பிறகு பிஸ்கட் பிய்த்துக்கொண்டு போனது. கடைக்காரர்கள் கம்பெனிப் பெயரை மறந்துவிட்டு ‘தாத்தா பிஸ்கட்’ என்றுதான் கேட்டார்கள். வீட்டுச் சமையலறையிலிருந்து ஷெட்டுக்கு மாறினோம், இருபது பேர் வேலைக்கு வந்தார்கள். கவர் அச்சடிக்கிறவர் மூன்று லட்சம் கவருக்குக் குறைந்தால் மெஷினை ஓட்ட மாட்டேன் என்றார். அப்பா எங்கே போய்விடப் போகிறார் என்று மூன்று லட்சமும் அடித்தேன்.

மூன்று மாதத்துக்கு முன்பு அதே படியில் வெறுங்கையோடு ஏறும்போது அப்பா மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். சீட்டு எழுதுகிற பெண் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க அந்த பிஸ்கட் தாத்தாதானே?" என்றாள். வரிசையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அப்பா கண்ணிமைக்காமல், "இல்லம்மா, அது எங்க அண்ணன். நான் தம்பி" என்றார். அவர் வாயிலிருந்து பொய் வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இப்படித்தான் நமக்கு ஒரு சித்தப்பா பிறந்தார். அவருக்கு ஒரு பெயர், ஒரு பிறந்த தேதி, ஒரு ஃபைல். ரத்தம் கொடுத்து, ஸ்கேனுக்குப் படுத்தவர் அப்பா, ரிப்போர்ட் வந்தது சித்தப்பாவுக்கு. இதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு. டாக்டர் காலைக்கு மூன்று, ராத்திரிக்கு நான்கு என்று மாத்திரை எழுதிவிட்டு, "உங்க அண்ணனைப் பாக்கெட்ல பாத்திருக்கேன். என்ன உடம்பு! அவரை மாதிரி ஒழுங்கா சாப்பிட்டிருந்தா நீங்க இங்க வந்திருக்கவே மாட்டீங்க" என்று கடிந்துகொண்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணன் எப்பவுமே கட்டுப்பாடா இருப்பாரு டாக்டர். நான்தான் சொல்பேச்சு கேக்கல" என்றார். வெளியே வந்து இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். காரில் ஏறிய பிறகு நான் அழுதேன். அப்பா பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள். அதற்கு அடையாள அட்டை வேண்டும். இல்லாத சித்தப்பாவின் நெஞ்சை யாரும் திறக்க மாட்டார்கள். அதே வாரத்தில்தான் ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் ஒரு சூப்பர் மார்க்கெட், தன் நூற்றுப்பத்துக் கடைகளிலும் நம் பிஸ்கட்டை வைக்கிறேன் என்றது. ஒரே நிபந்தனை, கையெழுத்துக்கு முன்பு தாத்தாவை நேரில் பார்க்க வேண்டும். "கையெழுத்து ஆகட்டும்டா, அப்புறம் போய்ப் படுத்துக்கறேன். இருபது குடும்பம் இருக்கு" என்றார் அப்பா. நான் வேண்டாம் என்றேன். ஒரே ஒரு தடவை. இரண்டாவது தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் அந்தக் கையெழுத்து எனக்கும் வேண்டியிருந்தது. இதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம் எழுதினேன், அக்கா.

இழுத்தடித்துப் போன திங்கட்கிழமைதான் ஷெட்டுக்கு வந்தார்கள். மூட்டைக்குள் காலி கவரைத் திணித்து, வாய்ப்பக்கம் மட்டும் ஓட்ஸைப் பரப்பித் தைத்து வைத்திருந்தோம். அப்பா தன் முகம் அச்சடித்த ஆயிரம் கவரைச் சுமந்துகொண்டு ஷெட் மாடிக்குப் பதினாறு படி ஏறி, மேலே நின்று கையசைத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். வந்திருந்த மேலாளர், "எங்கப்பா இவரைவிடப் பத்து வயசு சின்னவரு. கட்டிலை விட்டு எந்திரிக்கவே மாட்டேங்கறாரு" என்று சொல்லி, அவருக்கென்று இரண்டு பெட்டி எடுத்துக்கொண்டார். அவர் கீழே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது அப்பா மேலே பிஸ்கட் தட்டுகளுக்கு நடுவில் வெறுந்தரையில் படுத்திருந்தார். உதடு வெளுத்திருந்தது. பாக்கிங் செய்கிற பெண் ஒருத்தி அவர் நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அப்பா, "கையெழுத்து போட்டாச்சா?" என்றார்.

போதும், அக்கா. முடிவு செய்துவிட்டேன். பாக்கெட்டிலிருந்து அப்பாவை எடுக்கிறேன், மிச்சமிருக்கும் கவரை எடைக்குப் போடுகிறேன். இருபதாம் தேதி அவருடைய சொந்தப் பெயரில் ஆஸ்பத்திரியில் இடம் சொல்லியாகிவிட்டது. நான் கூப்பிட்டால் "பாக்கலாம்" என்பார், நீ சொன்னால் மறுபேச்சு கிடையாது. பத்தொன்பதாம் தேதிக்குள் எப்படியாவது வந்து சேர். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

அத்தானுக்கு என் மரியாதையையும் பிள்ளைகளுக்கு மாமாவின் அன்பையும் சொல். அப்பாவின் ஆசீர்வாதத்தை அவரைக் கேட்காமலே இதோடு சேர்த்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது சூப்பர் மார்க்கெட்டிலிருந்து போன் வந்தது. கடைக்குக் கடை வாசலில் அப்பா படத்தை ஆள் உயரத்துக்கு வைக்கப் போகிறார்களாம், அதற்காக இருபதாம் தேதி கேமராவோடு வருகிறார்களாம். நான் வாயைத் திறப்பதற்குள் மூட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அப்பா, "வரச் சொல்லு" என்றார். வரச் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரியில் இருபத்தேழாம் தேதிக்கு மாற்றிக் கேட்டிருக்கிறேன், ஒரு வாரம்தானே. நீ பத்தொன்பதாம் தேதியே வந்துவிடு. வரும்போது கன்னத்துக்குப் பூசுகிற சிவப்புப் பவுடர் நல்லதாக ஒன்று வாங்கி வா. இங்கே கிடைப்பது அவருக்கு வியர்க்கும்போது கரைந்துவிடுகிறது.