ரொட்டி வண்டியில் ஒரு பாத யாத்திரை

பாத யாத்திரை போவது என்று நான் முடிவு செய்ததற்குக் காரணம் பக்தி இல்லை. ஒரு சிலேடை.

காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது என் மனைவிதான் பேச்சை எடுத்தாள். மலைத் திருத்தலத்துக்கு நடந்து போகும் கூட்டம் இந்த வருஷமும் கிளம்புகிறதாம். போக ஆசைதான், ஆனால் நம் வீட்டில் அது நடக்கிற காரியமா என்று பெருமூச்சு விட்டாள்.

"நடக்கிற காரியம்தானே, பறக்கிற காரியமா?" என்றேன்.

"அதெல்லாம் உங்களால முடியாதுங்க" என்றாள்.

ஆசைப்பட்டது அவள், முடியாது என்றது என்னை. இந்தக் கணக்கு எங்கேயோ உதைக்கிறதே என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. மானம் முந்திக்கொண்டது. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். எதிர் வீட்டு வாத்தியார் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்.

நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊராருக்குத் தூரத்தில் இருப்பதைத் தெரிய வைக்கிறவன். தூரத்துக்குப் போய்ப் பழக்கமில்லை. கடையிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவேன். என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். வார்டுக்கு வார்டு அவள் ஒரு நாளில் நடக்கிற நடையை நான் ஒரு வருஷத்தில் நடந்திருக்க மாட்டேன்.

யாத்திரைக் கூட்டத்துக்குத் தலைவர் ரிட்டையரான தபால்காரர் ஒருவர். வேலையில் நடந்தது போதாதென்று இப்போதும் நடக்கிறார். ஊரில் அவருக்கு 'நடைராஜா' என்று பெயர். முன்னேற்பாட்டுக் கூட்டத்தில் அவர் பேசியதெல்லாம் முதல் நாளைப் பற்றித்தான். பாலம் தாண்டினால் மேட்டுச் சாலை. மரம் கிடையாது, நிழல் கிடையாது. உடம்பு தன் ஆட்சேபங்களை எல்லாம் முதல் நாளே சொல்லித் தீர்த்துவிடும். "முதல் நாளைத் தாண்டிட்டீங்கன்னா போய்ச் சேந்த மாதிரிதான்" என்றார்.

மற்றவர்கள் பயந்துபோனார்கள். எனக்கு வழி பிறந்தது. தாண்டத்தானே வேண்டும்? காலால் தாண்டினால் என்ன, சக்கரத்தால் தாண்டினால் என்ன?

எங்கள் ஊர் ரொட்டி வண்டிக்காரன் எனக்கு வேண்டியவன். கண்ணாடி என் கடையில்தான் போட்டான். தினமும் விடியற்காலையில் ரொட்டி ஏற்றிக்கொண்டு அந்த மேட்டுச் சாலை வழியாகத்தான் போகிறான். பாலத்தருகே நான் செருப்பு வார் அறுந்த மாதிரி பின்தங்க வேண்டியது. கூட்டம் வளைவு திரும்பியதும் வண்டியில் ஏற வேண்டியது. சாயங்காலம் கூட்டம் தங்கும் சத்திரத்துக்குப் பக்கத்தில் இறங்கி, முகத்தில் கொஞ்சம் புழுதியைப் பூசிக்கொண்டு, "என்ன எல்லாரும் இவ்வளவு மெதுவா வர்றீங்க?" என்று கேட்க வேண்டியது. இதுதான் முதல் நாள் திட்டம். இரண்டாம் நாளுக்குத் திட்டம் போடவில்லை. காய்கறி வண்டி ஏதாவது கிடைக்காமலா போகும்?

மனைவி நடைப் பயிற்சிக்குக் கூப்பிட்டாள். கடையில் வேலை அதிகம் என்றேன். வாங்கி வைத்த புது ஷூவாவது பழக வேண்டாமா என்றாள். நீயே போட்டுப் பழக்கிக் கொடு என்றேன். கனத்த காலுறை இரண்டு ஜோடி மாட்டிக்கொண்டு, அவள் தினமும் சாயங்காலம் என் ஷூவை ஏரிக்கரை வரை அழைத்துப் போய்வந்தாள். புருஷன் காலில் கொப்புளம் வரக் கூடாதென்று ஒரு பெண் இவ்வளவு பாடுபடுகிறாளே என்று எனக்கு உள்ளம் உருகியது.

கிளம்பும் நாள் வந்தது. தெருவே வாசலில் நின்றது. என் பழைய செருப்பிலேயே புறப்பட்டேன். பக்தனுக்கு ஷூ எதற்கு என்று வாத்தியாரிடம் சொன்னேன். அவர் மறுபடி கண் கலங்கினார். ஷூ வீணாகக் கிடக்கிறதே என்று மனைவி மாட்டிக்கொண்டாள். பாலம் வரை வழியனுப்ப வருவதாகச் சொல்லி, தோளில் ஒரு பையும் எடுத்துக்கொண்டாள். வழியனுப்புகிறவளுக்குப் பை எதற்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குக் கட்டிக் கொடுத்த மூட்டை அத்தனை கனம். அதைத் தூக்கிக்கொண்டு பாலம் வரை நடப்பதற்குள்ளேயே என் உடம்பு ஆட்சேபம் சொல்லத் தொடங்கியிருந்தது.

பாலத்தில் எல்லாம் திட்டப்படி நடந்தது. வழியனுப்ப வந்தவர்கள் திரும்பினார்கள். கூட்டம் வளைவில் மறைந்தது. ரொட்டி வண்டி வந்து நின்றது. பின்கதவைத் திறந்து ஏறினேன். சூடான ரொட்டி வாசனை, இதமான ஆட்டம். முதல் நாள் இவ்வளவு சுகமாக இருக்கும் என்று நடைராஜா சொல்லவே இல்லையே என்று நினைத்தபடி தூங்கிப்போனேன்.

வண்டி நின்றது. கதவு திறந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கினால் எதிரே ஒரு துணி காயும் கொடி. அதில் என் பனியன்.

எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம்.

"இங்க ஏன்டா கொண்டு வந்தே?" என்றேன்.

"அக்கா சொன்னாங்க மாமா" என்றான்.

நேற்றுவரை என்னை அண்ணா என்று கூப்பிட்டவன் அவன். என் மனைவிதான் அவன் மனைவிக்குப் பிரசவம் பார்த்தவள் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கண்ணாடி போட்டு விட்டவன் அண்ணன்தான். ஆனால் பிள்ளையைக் கையில் எடுத்துக் கொடுத்தவள் அக்கா ஆயிற்றே.

பின்கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே நாற்காலி, மேஜை, அலமாரி எல்லாம் கூடத்தின் நடுவில் சேர்த்துவைத்து, பழைய போர்வையால் மூடியிருந்தது; நாங்கள் கிளம்பியதும் அவன் மனைவி ஆள் வைத்துச் செய்ததாம். சுவரோரம் பெயின்ட் டப்பாக்கள். ஏணி. வருஷக்கணக்காக நான் நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லிவந்த வேலை. மூட்டையைப் பிரித்தேன். என் கிழிந்த சட்டை இரண்டு, உப்புத்தாள், பிரஷ், சுவரில் பூசும் பட்டி ஒரு பெரிய டப்பா.

போன் அடித்தது.

"வந்து சேந்துட்டீங்களா?" என்று கேட்டாள். பின்னால் நிறையக் காலடிச் சத்தம்.

"நீ எங்கே இருக்கே?"

"மேட்டுச் சாலையில. நீங்க வண்டியில ஏறினதை வளைவுல நின்னு பாத்துட்டுத்தான் நான் கூட்டத்தோட நடக்க ஆரம்பிச்சேன்."

"ஆஸ்பத்திரிக்கு யார் போறது?"

"லீவு போன மாசமே சொல்லிட்டேங்க."

நான் முடிவு எடுத்ததே இந்த மாசம்தான். ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தேன்.

தெருவிலே என்ன சொல்வது என்று கேட்டேன். ஒன்றும் சொல்ல வேண்டாம், இரண்டு பேரும் யாத்திரை போயிருப்பதாகத்தான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றாள். திரும்பி வந்த பிறகு?

"அதை வீட்டைப் பாத்துட்டு முடிவு பண்ணிக்கலாம்" என்றாள் சாந்தமாக.

வாசல் கதவில் பூட்டுப் போட்டவள் அவள். ஆனால் என்னைப் பூட்டியது அது இல்லை. இத்தனை பேரிடம் விடைபெற்றுவிட்டு எந்த முகத்தோடு வெளியே தலை நீட்டுவது? தும்மல் வந்தால்கூடத் தலையணையில் தும்மினேன். ரொட்டி வண்டிக்காரன் தினமும் கொல்லை வழியாக ரொட்டி கொண்டுவந்தான். அக்கா பார்க்கச் சொன்னார்கள் என்று சுவரைத் தடவிப் பார்த்து, மூலையில் திட்டுத் திட்டாக இருக்கிறது மாமா, இன்னொரு பூச்சு கொடுங்கள் என்பான். ஒரு நாள் ஜன்னலுக்கு வெளியே வாத்தியார் யாரிடமோ, "பாவம், இந்த வெயில்ல அந்த மனுஷன் எங்க நடந்துக்கிட்டு இருக்காரோ" என்றார். ஏணி உச்சியில் நின்றிருந்த எனக்கே கண் கலங்கியது. அது பெயின்ட் நெடியாகவும் இருக்கலாம்.

சாயங்காலமானால் போன் வரும். மேட்டுச் சாலையின் உச்சியிலிருந்து பார்த்தால் நம் ஊர் ஏரி ஒரு கைக்கண்ணாடி மாதிரி தெரிந்தது என்பாள். நடைராஜாவையே அவள் முந்திவிட்டாளாம். அவள் அப்படிச் சிரித்துப் பேசிக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

"கால் வலிக்குதா?" என்று கேட்டேன்.

"வலிக்குது. நல்லா இருக்கு."

கோபப்படலாம் என்றுதான் இருந்தேன். அந்தப் பதிலுக்கு அப்புறம் கோபம் வரவில்லை.

கடைசியில் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள். எனக்காகவும் வேண்டிக்கொண்டாளாம். எனக்கு உயிர் வந்தது. கூடம் முடிந்துவிட்டது, சமையலறை முடிந்துவிட்டது, படுக்கையறையில் ஒரே ஒரு சுவர்தான் பாக்கி, நாளைக்கு பஸ் ஏறிவிடுவாய்தானே என்று கேட்டேன்.

"இல்லீங்க, எல்லாருமா நடந்தே திரும்பலாம்னு இருக்கோம், நீங்க மாடி ரூமையும் ஆரம்பிச்சிடுங்க" என்றாள்.