ஆயில் அண்ணனும் என் மகளின் கால் நகமும்

காலை ஆறு பத்துக்கு என் மகள், "அம்மா, விரலைக் கொஞ்சம் பாரேன்" என்றாள். அந்த நிமிடம்வரை, ஆயில் அண்ணனைப் போல ஆபத்தில்லாத மனிதர் மரக்காணம் கடற்கரையிலேயே கிடையாது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

உப்பளத்துப் பாத்திகளுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அதற்கு எண்ணெய் விட்டு விட்டு, எண்ணெயால் தீராத கோளாறு உலகத்திலேயே இல்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டார். கதவு கிறீச்சிட்டால் எண்ணெய். தலைவலித்தால் எண்ணெய். எங்கள் தெருவில் ஒரு மாமியாரும் மருமகளும் பேச்சை நிறுத்தியபோது, ரெண்டு பேருக்கும் விளக்கெண்ணெய் கொடுத்துப் பார்க்கலாம் என்றார்.

ஆனால் அவருடைய தனி ஈடுபாடு கால் நகம். உப்புநீரிலும் ரப்பர் பூட்ஸிலும் கிடந்து மஞ்சளாகி, தடித்து, பொடியாக உதிரும் நகங்களுக்கு வேப்பெண்ணெய், புங்க எண்ணெய், புன்னை எண்ணெய் என்று பஞ்சில் நனைத்து வைத்துவிடுவார். ஆளின் முகம் மட்டும் நினைவில் நிற்காது. ஒரு கல்யாணத்தில், மேடையில் நின்ற மாப்பிள்ளையின் காலைப் பார்த்துவிட்டு, "ஏம்பா, நீ கிளியனூர் ஆளுதானே? சுண்டுவிரலு இப்ப எப்படி இருக்குது?" என்றார். அதற்கப்புறம் பெண் வீட்டார் யாரும் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவேயில்லை.

என் மகளுக்கும் கட்டைவிரல் நகத்தில் அப்படியொரு பூஞ்சை வந்தது. பள்ளி நாளிலிருந்து இன்சுலின் போட்டுக்கொள்கிற பெண். காலில் சின்னக் கீறல் என்றாலும் எனக்குத் தூக்கம் போய்விடும். புதுச்சேரி டாக்டர் மாத்திரை கொடுத்து, புது நகம் வளர மாதக்கணக்காகும் என்றார். அவளுக்குப் பொறுமையில்லை, அண்ணனிடம் போனாள். அவர் வேப்பெண்ணெய் வைத்தார். நாற்றத்தைத் தவிர ஒரு மாற்றமும் இல்லை.

அண்ணனுக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. படகுப் பலகைக்குப் பூசுகிற, முந்திரிக்கொட்டைத் தோலில் எடுக்கும் எண்ணெயைக் கையில் எடுத்தார். "மரமே மக்காம நிக்குது பாப்பா, உன் நகம் நிக்காதா?"

மறுநாள்தான் அந்த ஆறு பத்து. விரல் கறுத்து, நுனி முழுக்கக் கொப்புளம். போன் போட்டேன்.

"அண்ணே, என்னத்த வெச்சீங்க?"

விவரத்தைச் சொன்னார். பிறகு, "மொதல்ல என் கால்லதாம்மா தடவிப் பாத்தேன். ஒண்ணும் ஆவலியே" என்றார்.

ஆகாதுதான். காலமெல்லாம் உப்புநீரில் ஊறிய கால் அது. கருவேல முள் குத்தினால் முள்தான் உடையும்.

டாக்டரிடம் போகிறோம் என்று போனில் கத்திவிட்டு, ஸ்கூட்டியில் அவளை ஏற்றிக்கொண்டு புதுச்சேரிக்குப் பறந்தேன். விரலை எடுத்துவிடுவார்களோ என்ற ஒரே நினைப்பு. பெரிய முதலியார்சாவடி தாண்டும்போது பின்னாலிருந்து மகள் சொன்னாள்: "நீ அழுதுக்கிட்டே ஓட்டினா ரெண்டு பேருக்கும் கட்டு போடணும்மா."

டாக்டர் விரலை அழுத்திப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"மேல்தோல்தான் வெந்திருக்குது. ரத்த ஓட்டம் நல்லா இருக்குது. கொப்புளத்தை உடைக்காதீங்க, கட்டு மாத்த வாங்க. விரலுக்கு ஒண்ணும் ஆகாதுங்க."

நாற்காலி என்று நினைத்து எடை பார்க்கும் மிஷின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அது காட்டிய எடையை மகள் குனிந்து பார்த்துச் சிரித்தாள். சிரிக்கட்டும்.

அப்போது கதவருகில் ஆயில் அண்ணன் வந்து நின்றார். தோளில் கோணிப்பை நிறைய பாட்டில்கள்.

"எதை வெச்சேன்னு டாக்டருக்குக் காட்டணும்ல. அவசரத்துல எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு வந்துட்டேன்."

"எல்லாத்தையும் இங்கயே வெச்சிட்டுப் போங்க" என்றார் டாக்டர்.

அண்ணன் கோணியை இறக்கி வைத்தார். வழியெல்லாம் நான் சேர்த்து வைத்திருந்த வசவுகள் எங்கே போயினவோ தெரியவில்லை.

"மாத்திரையைப் போடு பாப்பா" என்றார் என் மகளிடம். "இனிமே நான் எதையும் தடவ மாட்டேன். சும்மா அப்பப்ப வந்து, நகம் வளருதான்னு மட்டும் பாத்துட்டுப் போறேன்."

டீ நேரத்துக்கு வாங்கண்ணே என்றேன்.