அறுந்த இழையும் சாராயக் கடத்தல் கும்பலும்

பிள்ளைகளே, ஒன்மோர் அண்ணன் வீடியோ எடுத்த எந்தக் கல்யாணமும் ஆரணியில் ஒரே தடவையில் முடிந்ததில்லை. மாலை மாற்றினால் "ஒன்மோர்!" என்பார். பெண்ணின் அம்மா அழுதால், "கண்ணீர் கன்னத்துக்கே வரலம்மா, இன்னொரு தபா" என்பார். தாலி கட்டும்போதும் வாயைத் திறக்க, ஐயர் தேங்காயைத் தூக்கிக்கொண்டு துரத்தினாராம்.

போன வருஷம் அவர் சினிமா எடுத்தார். மதுவிலக்குக் காலத்தில் லாரி டியூபில் சாராயம் கடத்திய ஒரு கும்பலின் கதை. சிரிப்புப் படம். கும்பல் தலைவன் நான். தறியில் உட்கார்ந்தே பழகியவனுக்குப் பேண்டு வாத்தியக்காரர்களிடம் இரவல் வாங்கிய சிவப்புக் கோட்டு, மையில் வரைந்த மீசை, தோளில் தண்ணீர் நிரப்பிய டியூப். எதிரில் வந்தவர்களைப் பார்க்கவே கூசியது.

"பேஜாரா கீதுண்ணா. நான் வூட்டுக்குப் போறேன்."

"டேய், உன் பேரக் கேட்டா போளூர் வரைக்கும் போலீஸ் நடுங்கும்! மூஞ்சிய மொறைப்பா வையி!"

போகவும் வழியில்லை. என் மகள் கயல் வகுப்பு முழுக்க, "எங்கப்பாதான் வில்லன். பார்த்தா பயந்துடுவீங்க" என்று சொல்லிவைத்திருந்தாள். தோழிகளையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். அவள் மானம் என் மீசையில் இருந்தது.

நாங்கள் ஓட வேண்டும், போலீஸ் துரத்த வேண்டும். அவ்வளவுதான் காட்சி. ஓடினோம். சந்திலிருந்து வெளியே பாய்ந்தால், குறுக்கே யாரோ பாவு நீட்டியிருந்தார்கள். ஒரு சேலைக்கான பட்டு இழைகள் அத்தனையும் இடுப்பு உயரத்தில், தெரு நீளத்துக்கு.

கால் தானாக நின்றுவிட்டது. கும்பல் மொத்தமும் டியூபை இறக்கி வைத்தது. துரத்தி வந்த போலீஸ்காரரும் தறிக்காரர்தான். தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"ஒரு இழை அறுந்துகினு கெடக்குது பாரு."

"இருங்க, முறுக்கிடறேன்" என்று குந்திவிட்டேன்.

பின்னாலிருந்து அண்ணன் கத்தினார். "டேய், நீ கடத்தல்காரன்டா! ஓடுடா! யோவ் போலீசு, அவனப் புடின்னா இழையப் புடிச்சிகினு கீற!"

"தோ, ஒரே நிமிசம்ணா!"

தோழிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கயல் மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். என் காது சுட்டது. திரும்ப எடுக்கவும் முடியவில்லை. பேண்டுக்காரர்கள் முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று கோட்டை உருவிக்கொண்டு போனார்கள்.

கல்யாண மண்டபத்தில் படம் போட்டபோது, கடைசி வரிசையில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் காட்சி வந்தது. மண்டபமே சிரிப்பில் அதிர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கயல் என்னை இடித்தாள்.

"அப்பா, அது யாரு கை?"

துண்டை விலக்கிப் பார்த்தேன். திரையில் "ஓடுங்கடா!" என்ற கத்தல் ஓயவில்லை. அதே நேரம், கேமரா பக்கத்திலிருந்து ஒரு கை மெல்ல உள்ளே நீண்டு, நான் முறுக்க வசதியாக இழையின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தது. அன்று அது போலீஸ்காரர் கை என்றே நினைத்திருந்தேன்.

"ஒன்மோர் மாமாதாம்பா!" கயலுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. என் துண்டைப் பிடுங்கித் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முன் வரிசையில் அவர் தனியாக, அந்தக் கையை அக்குளில் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.