எதிர்மாடி ரகசியம்

"எண்ணுனது போதும், உள்ள வாங்க" என்று மனைவி கமலவேணி மூன்றாம் முறையாகக் கூப்பிட்டாள். கந்தவேல் அசையவில்லை. எதிர்க்கடைக்குள் பதினாலாவது ஆள் நுழைந்துகொண்டிருந்தார்.

அஸ்தம்பட்டியில் எங்கள் தெருவில் நைட்டிக்கென்றே கடை வைத்த முதல் ஆள் கந்தவேல்தான். ஒன்பது வருஷம் தனிக்காட்டு ராஜா. அவரிடம் நைட்டி மடிக்கக் கற்றுக்கொண்ட உஷாராணி, தை மாசம் நேர் எதிரிலேயே ஒரு நைட்டிக் கடையைத் திறந்தாள். மூன்று மாசம் ஈ ஓட்டினாள். கந்தவேலுக்கு நல்ல தூக்கம் வந்தது. சித்திரை பிறந்ததிலிருந்துதான் சாயங்காலம் ஐந்து மணியானால் அங்கே உட்கார இடமில்லை. தூக்கம் போயிற்று.

இவர் கடையோ மாமனார் கொடுத்தது. ஆடிக்குள் வியாபாரம் தேறவில்லையென்றால் கடையைப் பேக்கரிக்கு விட்டுவிடப் போவதாகவும், கந்தவேல் திருச்செங்கோட்டில் மச்சினன் பூபதியின் போர்வெல் ரிக் ஆபீசில் போன் எடுக்கப் போகலாம் என்றும் கமலவேணி சொல்லிவிட்டாள். பூபதியிடம் வேலைக்குப் போவதைவிட நைட்டியை மாட்டிக்கொண்டு ஏற்காடு ரோட்டில் நடக்கலாம் என்பது கந்தவேலின் கருத்து.

எதிரே போய் என்ன கூட்டம் என்று விசாரித்திருக்கலாம்தான். விசாரித்தால் வயிறு எரிவது தெரிந்துவிடுமே. அந்தப் பக்கத்துப் பிளாட்பாரத்தைக்கூட அவர் மிதிப்பதில்லை. இருந்த இடத்திலிருந்தே ஆராய்ச்சி செய்தார்.

முதலில் கண்ணில் பட்டது ஆண்கள். "நைட்டிக் கடையில ஆம்பளைங்களுக்கு என்ன வேல? லுங்கி போட்டிருக்கா, கமலா." இரண்டே நாளில் குமாரபாளையத்திலிருந்து நூறு லுங்கி வந்து இறங்கியது. குறைந்தது ஒன்று. அதைக் கந்தவேல் கட்டியிருந்தார்.

அப்புறம், தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு நாலைந்து பேர் போனார்கள். குட்டிக் கவுன்கள் வந்தன. அதற்கடுத்த வாரம், கத்திரி வெயிலில், மங்கி குல்லாயை இறுக்கிக்கொண்டு ஒரு பெரியவர் எதிர்க்கடைப் படி ஏறினார். கந்தவேலுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ஏற்காடு போறவங்கள மடக்கறா. நமக்கு இத்தன வருஷம் தோணல பாரு."

குல்லாய் வந்தது, ஸ்வெட்டர் வந்தது. மாட்ட இடமில்லாமல் நைட்டிகள் அட்டைப்பெட்டிக்குள் போயின. நைட்டி கேட்டு வந்த இரண்டு பெண்கள் சுற்றிலும் பார்த்துவிட்டு, தொழிலை மாற்றிவிட்டீர்களா என்று கேட்டு, எதிர்க்கடைக்கே போனார்கள். அன்று அவர் சாப்பிடவில்லை. இரண்டு தோசையைத் தவிர.

கடைசியில்தான் பெரிய ரகசியம் பிடிபட்டது. அங்கே வருகிறவர்கள் கையில் நம்பர் போட்ட சீட்டு. அரைமணி, ஒரு மணி உட்கார்ந்து, ஒவ்வொருவராகக் கடைக்குள்ளிருக்கும் படியேறி மாடிக்குப் போகிறார்கள். இறங்கும்போது கையில் சின்னக் காகிதக் கவர்.

"மாடியில தனி ரகம் வச்சிருக்கா. நம்பர் குடுத்துத்தான் காட்டறா. உக்கார வச்சுக் காட்டற சரக்குன்னா சும்மாவா?"

பத்து பிளாஸ்டிக் சேர், தண்ணீர் கேன், சுவரில் ஒரு டிவி, ஒன்றிலிருந்து நூறு வரை அச்சடித்த சீட்டு எல்லாம் வந்தன. வாசலில் போர்டு: 'மாடியில் ஸ்பெஷல். நம்பர்படி அனுப்பப்படும்.'

கந்தவேல் கடை மாடியில் இருந்தது அவர் குடியிருக்கும் வீடு.

"ஏனுங்க, மேல அனுப்பி என்னத்தக் காட்டுவீங்க? நான் மாவாட்டறதையா?"

கூட்டம் வரட்டும், கட்டில்மேல் நைட்டியைப் பரப்பிவிடலாம் என்றார் கந்தவேல்.

திங்கட்கிழமை சாயங்காலம். எதிர்க்கடைக்குப் போக டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு குடும்பம் இவருடைய போர்டைப் பார்த்து நின்றது. சேர்களைப் பார்த்தது. ரோட்டைத் தாண்டாமல் உள்ளே வந்து, நம்பரை வாங்கிக்கொண்டு, பேசாமல் உட்கார்ந்தது. அதைப் பார்த்து இன்னொருவர். ஐந்தரைக்குள் பதினெட்டுப் பேர். சேர் போதாமல் எட்டுப் பேர் சுவரோரம் நின்றார்கள். மங்கி குல்லாய்க்காரரும் எதிர்க்கடைப் பக்கமிருந்து எழுந்து வந்து ஏழாம் நம்பர் வாங்கிக்கொண்டார்.

உஷாராணி வாசலுக்கு வந்து பார்த்தாள். சிரித்தாள். கையைக்கூட ஆட்டினாள்.

"உள்ளுக்குள்ள எரியுது. வெளிய சிரிக்கறா" என்றார் கந்தவேல், இத்தனை நாளாகத் தான் பட்ட பாட்டை அவளுக்கு மாற்றிவிட்ட நிம்மதியில்.

மாடியிலிருந்து எட்டிப் பார்த்த கமலவேணிக்கே கண் விரிந்தது. எல்லோருக்கும் காப்பி போட்டு எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். பிறகு, கல்யாணமான பதினாறு வருஷத்தில் முதல்முறையாகப் புருஷனைப் பெருமையோடு பார்த்துக்கொண்டே, பேக்கரிக்காரருக்குப் போன் போட்டு, கடை தருவதற்கில்லை என்று சொல்லிவிட்டாள்.

கந்தவேல் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் நம்பரைக் கூப்பிட வாயெடுத்தார். அதற்குள் மங்கி குல்லாய்க்காரர் வாயை மூடியிருந்த குல்லாயை இறக்கி, இரண்டு தரம் இருமிவிட்டுக் கேட்டார்:

"ஏனுங்க, டாக்டரு எதிர்மாடியக் காலி பண்ணிட்டு உங்க மாடிக்கே வந்துட்டாருங்களா?"