நீலம் வரும் வரை

பாட்டில் தயாராகிவிட்டது. அதைக் கிருஷ்ணகிரிக்கு எடுத்துப் போகத்தான் ஆள் தயாராகவில்லை.

நாகரசம்பட்டி நாராயணப்பன் அதை மேசைமேல் வைத்துவிட்டு, வேறு யாரோ வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு நோயாளியைப் பார்க்க வந்த கிருஷ்ணகிரி டாக்டர் செய்த வேலை அது. இவருடைய காலில் ஆறாமல் கிடந்த கட்டியையும், வாசற்படி ஏறுவதற்குள் வாங்கிய மூச்சையும், எந்த வேட்டிக்கும் கட்டுப்படாத வயிற்றையும் பார்த்துவிட்டு, "சர்க்கரை இருக்கான்னு பாத்துடலாம். காலையில முதல் சிறுநீரைப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"நான் எப்படி எடுத்துக்கினு போறது?" என்றார் மனைவியிடம். "பஸ்ஸுல ஏறினா ஊரே எழுந்து எடம் குடுக்கும். பையில என்னான்னு கேக்கும். தைலம்னு சொன்னா, எங்க மோந்து பாக்கலாம்னு கையை நீட்டும்."

"அப்ப எந்தம்பி போவட்டும்" என்றாள் சரோஜம்மாள்.

தம்பி சென்னப்பன் ஒரு மாரியம்மன் திருவிழாவுக்காக அக்கா வீட்டுக்கு வந்தவன். அந்தத் தேர் நிலைக்குப் போய்ப் பல வருஷம் ஆகியும் இவன் நிலைக்குத் திரும்பவில்லை.

"மாமா, எனக்கும் மானம் மருவாதி இருக்குதுங்க. நாலு பேரு நடுவுல இதை மடியில வெச்சுக்கினு குந்தறதா?"

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஜிலேபிக் கடை இருக்குதில்ல? காசு தரேன்."

மானம் முதலில் இறங்கியது. மரியாதை அதன் பின்னாலேயே இறங்கியது. சென்னப்பன் பையை வாங்கிக்கொண்டான்.

சாயங்காலம் திரும்பி வந்தான். "பச்சை வந்துடுச்சு மாமா."

ஆஸ்பத்திரியில் ஒரு நீல மருந்தோடு அதைச் சேர்த்துக் காய்ச்சுவார்களாம். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் லேசாக இருக்கிறது. மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறத்தில் நின்றால், ஆளுக்கும் கரும்புக்கும் அதிக வித்தியாசமில்லை.

"இனிப்பைத் தொடக்கூடாதாம். நீலம் வர்ற வரைக்கும் மாம்பழம் கண்ணாலகூடப் பாக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியனுப்பினாரு."

நாராயணப்பன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அவர் தோப்பில் வருஷத்தின் முதல் மல்கோவாவை அவரே அறுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு துண்டு மென்று, "ஆவட்டும்" என்று சொன்ன பிறகுதான் வியாபாரிகள் விலைக்கு வாய் திறப்பார்கள். அப்பா காலத்து வழக்கம். அந்த ஒரு துண்டுக்காகத்தான் அவர் மீதி மாதங்களையெல்லாம் பொறுத்துக்கொண்டிருந்தார். இப்போது மரத்தில் பூ. அது பழமாவதற்குள் நீலம் வந்தாக வேண்டும்.

"இன்னியிலேருந்து இந்த வீட்ல எனக்கு வெல்லம் கெடையாது!" என்று கர்ஜித்தார்.

கர்ஜித்த நேரம் சரியில்லை. மறுநாள் யுகாதி. சரோஜம்மாள் ஒரு கூடை நிறைய வெல்லப் பூரணம் வைத்த ஒப்பட்டு சுட்டு அடுக்கியிருந்தாள்.

"செஞ்சதைத் தூக்கிப் போட மனசு வரலியே தம்பி."

"போடாத அக்கா. மாமாவுக்காக நான் பாத்துக்கறேன்" என்றான் சென்னப்பன். அவன் கண்ணில் நீர் தளும்பியது. நெய் அதிகமாக ஊற்றியதால் இருக்கலாம்.

நாராயணப்பன் கேழ்வரகுக் களியும் கீரையுமாக விழுங்கினார். அடுத்த பாட்டில் போயிற்று. மஞ்சள் வந்தது.

"களி தின்னா எப்படிடா மஞ்சள் வரும்? நீ வழியில சிந்திட்டியா?"

"ஒரு சொட்டு பட்டிருக்குமா, பையைப் பாருங்க மாமா!"

பார்த்தார். பை, கடையிலிருந்து அப்போதுதான் வாங்கியதுபோல் இருந்தது. இப்படி ஒரு பொறுப்பான மைத்துனன் எந்த ஊரில் கிடைப்பான்?

"வெறும் பத்தியம் போதாது, யோகாசனம் செய்யணும்" என்று யாரோ சொன்னார்கள். ஓசூரிலிருந்து கங்கப்பன் மாஸ்டர் வரவழைக்கப்பட்டார். மைசூரில் பெரிய குருவிடம் பயின்றவர். அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது தொந்தி முதலில் வந்து எல்லோரையும் விசாரித்தது. கொஞ்ச நேரம் கழித்து மாஸ்டர் வந்து சேர்ந்தார்.

"சர்க்கரையா? ஸ்வல்ப நாள்ல ஓடிடும்" என்றார். "ஆனா ஆசனம் செய்றவங்க வயிறு காலியா இருக்கணும். சொல்லிக் குடுக்கறவங்க வயிறு மட்டும் காலியா இருக்கக்கூடாது. மூச்சு வராது."

நாராயணப்பன் பட்டினியோடு வளைந்தார். மாஸ்டர் நெய் தோசையோடு அதை மேற்பார்வையிட்டார். முதல் நாள் வளைந்த முதுகை நிமிர்த்த ஏர் ஓட்டுபவர்கள் இரண்டு பேர் வயலிலிருந்து வர வேண்டியிருந்தது. மயிலாசனம் போட்டபோது தோப்பில் இருந்த நிஜ மயில்கள் போச்சம்பள்ளிப் பக்கமாகக் குடிபெயர்ந்தன.

ஒரு நாள் மாமரத்தடியில் சிரசாசனம். காய்ப்பு எப்படி என்று பார்க்க மண்டி வியாபாரி ஃபக்ருதீன் வந்தார். மனிதரைக் காணாமல் தேடி, கடைசியில் இரண்டு பாதங்களைக் கண்டு, அவற்றுக்கே ஒரு வணக்கம் போட்டார்.

"என்னாங்க இது? இப்படித் தலைகீழா பாத்தா காய்ப்பு அதிகமாத் தெரியுதுங்களா?"

"சர்க்கரை... எறங்கறதுக்கு..." என்று மண்ணிலிருந்து பதில் வந்தது.

"தலைகீழா நின்னா ஏறத்தானேங்க செய்யும்?"

நாராயணப்பனுக்கு யோசனை வந்தது. யோசனை வந்த வேகத்தில் சிரசாசனம் கலைந்து ஃபக்ருதீன்மேல் முடிந்தது.

அடுத்த பாட்டில் போயிற்று. ஆரஞ்சு!

"கம்பவுண்டர் ஜமீர் அகமது ரொம்ப வருத்தப்பட்டாரு மாமா" என்றான் சென்னப்பன், இரண்டாவது செம்புத் தண்ணீரைக் கவிழ்த்துக்கொண்டே. இப்போதெல்லாம் அவனுக்கு ஜிலேபி தின்றால் தாகம் கிணற்றையே கேட்டது. "தங்கமான மனுசன். என்னைப் பெஞ்சுல குந்த வெச்சு விசிறிகூட வீசினாரு."

"பாத்தியா சரோஜா? என் கஷ்டத்தைக் கேட்டு முன்னபின்ன பாக்காத மனுசன்கூட உருகறாரு. உந்தம்பியும்தான் எனக்காக எப்படி அலையறான்!"

"பாவங்க அவன். அலைஞ்சு அலைஞ்சு அரை ஆளாப் போயிட்டான்" என்ற சரோஜம்மாள், அவனுக்காகவே வெல்லம் போட்டுத் தனியாக ஒரு சட்டி கச்சாயம் சுட ஆரம்பித்தாள்.

அப்புறம் நாராயணப்பன் வெறி பிடித்தவராகிவிட்டார். விடிந்தால் பாகற்காய்ச் சாறு. மதியம் நாவற்கொட்டைப் பொடி. சாயங்காலம் ஆவாரம்பூ கஷாயம். இடையில் பசித்தால் வெந்தயம். அவர் பேசினாலே எதிரில் நிற்பவருக்கு வாய் கசந்தது. அவரைக் கடித்த கொசு, குடித்ததைத் துப்பிவிட்டுப் போனது. தொந்தி கரைந்தது. காலில் இருந்த கட்டி எப்போது ஆறியது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. காலையில் மரமேறும் பையன்களோடு போட்டி போட்டு மரம் ஏறினார்.

"உடம்பு காத்தாட்டம் இருக்குது சரோஜா. இந்த வாட்டி நீலம்தான்!"

மரத்தில் முதல் மல்கோவா மஞ்சள் கட்டிவிட்டது. வியாபாரிகளுக்குச் சொல்லியனுப்பியாகிவிட்டது. கடைசிப் பாட்டில் கிருஷ்ணகிரி போய் வந்தது.

"செங்கல்" என்றான் சென்னப்பன். "நம்ம சூளைச் செங்கல்கூட இவ்வளவு செவப்பு இல்ல மாமா. சீட்டைப் பாத்து டாக்டரு பதறிட்டாராம். ஆளு நேர்ல வந்து அவரைப் பாக்கணுமாம். தெனமும் ஊசியாம். இந்த ஜென்மத்துல மாம்பழம் கெடையாதாம்."

நாராயணப்பன் எழுந்து தோப்புக்குப் போய், அந்தப் பழத்துக்கு அடியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வீட்டுக்கு வந்து, மாடத்தில் இருந்த அப்பா காலத்துக் கத்தியை எடுத்துச் சென்னப்பன் கையில் கொடுத்தார்.

"வியாபாரிங்க வந்ததும் நீயே அறு. எனக்கு அப்புறம் இந்த வீட்ல இனிப்பைப் பத்தித் தெரிஞ்ச ஆளு நீதான்."

"மாமா!" என்று சென்னப்பன் தழுதழுத்தான். "உங்க வயித்தை என் வயிறா நெனச்சு ருசி பாத்துச் சொல்றேன்."

மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறினார்கள். சென்னப்பனுக்கு ஏனோ வர இஷ்டமில்லை. "எனக்குத் தலை சுத்துது, நீங்க மட்டும் போங்க மாமா" என்று நழுவப் பார்த்தான்.

"இத்தனி நாளும் வழி காட்டினவன் நீதானேடா? வாடா!" என்று நாராயணப்பன் இழுத்துக்கொண்டு போனார். அவருடைய பழைய சட்டைக்குள் இன்னொரு ஆளைக் குடிவைக்கலாம். சென்னப்பன் சட்டையில் பொத்தானுக்கும் காஜாவுக்கும் பேச்சுவார்த்தை நின்று நாளாகியிருந்தது. வழியெல்லாம் அவன் பாட்டில் பையைப் பிடித்துக்கொண்டு வேர்த்துக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் நாராயணப்பன் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, தூக்குத் தண்டனைக்கு வந்தவர்போலக் கும்பிட்டார்.

"கம்பவுண்டர் ஐயா, நாகரசம்பட்டியிலிருந்து வரோமுங்க..."

ஜமீர் அகமது அவரைக் கவனிக்கவே இல்லை. ஓடிவந்து சென்னப்பனைத் தோளில் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க நாராயணப்பண்ணே, இந்த ஒடம்போட நடந்தா வந்தீங்க? பாட்டில் வழக்கம்போலக் காலிதானே? கொல்லப்பக்கம் போயி எப்பவும்போல நெரப்பிக்கினு வந்துடுங்க!"